ஓடம் வண்டி ஏறிய கதை

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், அப்படி ஏறிய வண்டிக்குப் பின்புறம் சிவப்பு விளக்கு எரியவேண்டும் என்பதையும், எரியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லாமலே பரலோகப் பிராப்தி அடைந்துவிட்டபடியால், அதன் பலனை மினசோட்டா மாநிலத்தில் என் மகன் வீட்டு வாசலில், மே மாதத்துக் குளிர்காற்றில், அடியேன் அனுபவிக்க நேர்ந்தது.

அந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பலகையில் '10,000 ஏரிகள்' என்று பொறித்திருக்கும். பத்து ஏக்கருக்குக் குறையாதவற்றை மட்டும் எண்ணினாலே 11,842 தேறுமாம். பெருமையைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் ஜனங்களை நான் அங்கேதான் கண்டேன். இத்தனை ஏரிகளுக்கு நடுவே படகில்லாதவனுக்கு மரியாதை ஏது என்று கருதி, என் மகனும் பழைய படகு ஒன்றையும், அதைக் காருக்குப் பின்னால் கட்டி இழுக்க ஒரு ட்ரெய்லரையும் வாங்கியிருந்தான்.

ட்ரெய்லரின் வியாதி விசித்திரமானது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் இரு பக்கமும் சோகை பிடித்தாற்போல் மினுக்கும். பின்விளக்கு எரியும்போது பிரேக்கை மிதித்தாலோ, எரிந்துகொண்டிருந்ததும் அணைந்துபோகும்.

"மெக்கானிக்கிட்ட காட்டிடலாம்ப்பா" என்றான் மகன். மின்சார இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் இஞ்சினீயராகக் குப்பை கொட்டியவனைப் பார்த்துச் சொல்லத்தக்க வார்த்தையா அது?

நான் காரில் அமர்ந்து பிரேக்கை மிதிக்க, என் சகதர்மிணி ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று நிலவரம் அறிவித்தாள்.

"வலது?"

"எரியிற மாதிரி இருக்கு."

"எரியுதா, இல்லையா? ஒண்ணு சொல்லு."

"எண்ணெய் தீர்ந்த கார்த்திகை அகல் மாதிரி இருக்குங்க."

மூன்று நாள் இந்தச் சம்பாஷணைதான். இரண்டு இழைகள் கொண்ட 1157-ஆம் எண் பல்புகளைப் புதிதாகப் போட்டேன், பியூஸை மாற்றினேன், பிளக்கிலிருந்து புறப்படும் நான்கு வயர்களில் பின்விளக்குக்கான பழுப்பு, இடப்புறத்து மஞ்சள், வலப்புறத்துப் பச்சை ஆகிய மூன்றையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்தேன். நாலாவதான வெள்ளை வெறும் எர்த்; அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். தச்சுவேலை செய்து ஓய்ந்தவர். "எர்த்தைப் பார்த்தீர்களா?" என்றார். கரியும் உப்பும் இட்டு ஒழுங்காக எர்த் குழி வெட்டாத லைன்மேன்களுக்கெல்லாம் மெமோ கொடுத்த கை இந்தக் கை என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. அவர் ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையைக் காரின் இரும்பிலும் மறுமுனையை ட்ரெய்லரின் சட்டத்திலும் வைத்தார். விளக்குகள் இரண்டும் ஜகஜ்ஜோதியாக எரிந்தன.

வந்த காரியம் முடிந்ததும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். தன் வாசல் அடைத்திருந்தால் அண்டை வீட்டுக் கொல்லை வழியாகவாவது போகும். இடது விளக்கின் மின்சாரம் வலது விளக்கின் இழையில் நுழைந்து போனது அப்படித்தான். பிரேக்கையும் மிதித்தால், எல்லா வாசலிலும் ஆட்கள் உள்ளே நெருக்க, வெளியேற ஒருவனுக்கும் வழியில்லாத கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

வெள்ளை வயரை முடுக்கியிருந்த ஸ்க்ரூவைப் பெரியவர் கழற்றினார். அடியில் காலணா அகலத்துக்குத் துரு. துருவின்மேல் யாரோ சிரத்தையாகப் பூசிய பெயிண்ட். பேனாக்கத்தியால் பளபளவென்று சுரண்டி, திரும்ப முடுக்கிவிட்டு, "தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சூடான பல்பு குளிர்ந்த தண்ணீரைத் தாங்காது" என்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் பிளக்கைப் பிடுங்கும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. ஆனால் மூன்று நாள் பனியில் நின்று எரியவைத்த விளக்குகள், மகன் பிரேக்கை மிதித்து மிதித்துப் பின்னால் இறக்கும்போது செக்கச்செவேலென்று ஜொலித்த அழகில், என் கை பிளக்கிடம் போகவில்லை.

"என்னங்க, டப்புனு ஒரு சத்தம். இடது போயிடுச்சு" என்றாள் கரையில் நின்ற சகதர்மிணி, பழக்க தோஷத்தால். பிறகு, "வலதும்."