டைரக்ட்

இன்று காலை ஆறே முக்கால் மணிக்கு, பால் வாங்கிவரப் புறப்பட்ட நான், பத்தொன்பது வயதான என் மோட்டார் சைக்கிளின் மீது சாவகாசமாக ஏறி அமர்ந்து, ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில், அது வாடிவாசல் திறந்த காளையைப்போல ஒரு பாய்ச்சல் பாய்ந்து, என் மனைவி பதினோரு வருஷமாகப் பூஜித்துவரும் துளசித் தொட்டியை அவள் கண்ணெதிரிலேயே தரைமட்டமாக்கிவிட்டது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிளட்ச் சுவிட்ச் பழுதானால் அதைச் சோதிப்பது எப்படி என்பதை, பழைய வண்டியை விற்க மனமில்லாத அன்பர்களின் க்ஷேமத்தை உத்தேசித்து முறையாக எழுதிவிடுவது என்று நான் சங்கற்பம் செய்துகொண்டதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

இது பத்து நாளைய சமாசாரம். சிம்மக்கல் சிக்னலில் வண்டி அணைந்துபோயிற்று. கிளட்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். உள்ளே ஒரு முனகல்கூட இல்லை. ஹாரனோ ஊரைக் கூட்டியது, விளக்கும் பிரகாசமாக எரிந்தது. ஆகவே பேட்டரி நிரபராதி. வண்டியில் கிக்கர் இருக்கிறது. உதைப்பதற்கு முழங்கால்தான் இல்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "பெட்ரோல் இருக்கா, பெரியவரே?" என்று கேட்டார். (பெட்ரோல் இருந்தது. 'பெரியவரே' என்றதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.) ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், லேசில் விழாத நியூட்ரலை எப்படியோ விழவைத்துப் பொத்தானைத் தொட்டேன், ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிற்று.

இங்கேதான் துப்புத் துலங்கியது. என் வண்டியின் சாஸ்திரப்படி, ஒன்று நியூட்ரலில் இருக்கிறது என்று கியர்ப்பெட்டியிலுள்ள சுவிட்ச் சாட்சி சொல்லவேண்டும், அல்லது கிளட்ச் பிடித்தாயிற்று என்று லீவருக்கு அடியிலுள்ள சுவிட்ச் சாட்சி சொல்லவேண்டும். இருவரில் ஒருவராவது வாய் திறந்தாலன்றி, ரிலே என்னும் அதிகாரி ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிட மாட்டார். நியூட்ரலில் கிளம்புகிற வண்டி கியரில் கிளம்பவில்லையென்றால், பேட்டரி, ரிலே, மோட்டார் ஆகிய மூவரையும் விடுதலை செய்துவிட்டுக் கிளட்ச் சுவிட்சைத்தான் கூண்டில் ஏற்றவேண்டும். சுண்டைக்காய் அளவேயான ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு சிறு தண்டு, இரண்டு ஒயர், இவ்வளவுதான் அந்தச் சுவிட்ச். மழைநீரும் புழுதியும் புகுந்து செம்பில் களிம்பேறிவிட்டால், நாம் லீவரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது அதற்குத் தெரியாது. 1911இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் காருக்கு மின்சார ஸ்டார்ட்டரைச் செய்துகொடுத்து, கைப்பிடியைச் சுழற்றும் கஷ்டத்திலிருந்து உலகத்தை மீட்டார். அந்தப் பொத்தானுக்குப் பிற்பாடு இத்தனை காவல்காரர்கள் வந்து சேர்வார்கள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். அவர் சுவிட்சைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. இரண்டு ஒயரையும் பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, "இப்போதைக்கு டைரக்ட் குடுத்திருக்கேன் சார்" என்றார்.

டைரக்ட்! என் இல்லறமே இந்த ஒரு சொல்லின்மீதுதான் நிற்கிறது. கூடத்து மின்விசிறிக்கு ரெகுலேட்டர் போன அன்று எலெக்ட்ரீஷியன் வந்து டைரக்ட் கொடுத்தார். அன்று முதல் அது ஐந்தாம் வேகத்தைத் தவிர வேறு கதி அறியாது. மார்கழி மாதத்தில் நாங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து செய்தி கேட்கிறோம். மேல்தொட்டி நிரம்பியதும் தானே நிற்கவேண்டிய தண்ணீர் மோட்டார் டைரக்ட் ஆகி ஆறு வருஷமாகிறது. தொட்டி நிரம்பியதை எதிர்வீட்டுக்காரர் கூச்சலிட்டுத் தெரிவிக்கிறார். ஆக, அந்த உபகாரியே இப்போது எங்கள் சுவிட்ச். இஸ்திரிப்பெட்டி டைரக்ட், அதன் சூட்டுக்கு என் வேட்டிகளில் தழும்புகள் உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது. அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறோம். மின்சாரம் அதைத் தீண்டாமல் டைரக்டாகப் போகிறது. ஃபியூஸ் கேரியரில் மெல்லிய இழை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இழைச் செம்புக்கம்பி முறுக்கேறி நிற்கிறது. வீடு எரிந்தாலும் அது எரியாது. டைரக்ட் ஆகாமல் தப்பியது அழைப்புமணி ஒன்றுதான். அதையும் ஒருவர் டைரக்ட் ஆக்கிப் பார்த்தார். அவர் தெருமுனை தாண்டும்வரை அது அடித்துக்கொண்டேயிருந்ததால், வேறு வழியின்றித் திரும்பி வந்து அறுத்துவிட்டுப் போனார். இவற்றில் எதுவும் நிரந்தரம் என்று எவரும் சொல்லவில்லை. எல்லாம் 'இப்போதைக்கு'த்தான். பாகம் கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்று சொல்லிப்போனவர்களில் ஒருவராவது திரும்பி வந்ததுண்டா? நானாவது கூப்பிட்டதுண்டா?

எங்கோ போய்விட்டேன். சுவிட்சைச் சோதிக்கும் முறையைச் சொல்வதாக அல்லவா ஆரம்பித்தேன்? முதற்காரியமாக, சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி, சிறிய பல்பு ஒன்றை... ஆனால் கழற்றுவதற்கு என் வண்டியில் ஒயர் எங்கே இருக்கிறது? இரண்டும் டேப்புக்குள் தம்பதிகளாகிவிட்டன. நான் கிளட்சைப் பிடித்திருக்கிறேன் என்று அவை அல்லும் பகலும் ரிலேயிடம் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன. வாசல் சரிவில் உருளாமலிருக்க இரவில் நான் முதல் கியரில் போட்டு நிறுத்திய வண்டி இன்று காலை பாய்ந்ததற்கு அதுவே காரணம்.

மெக்கானிக்குக்குப் போன் செய்து, என் கோபம் முழுவதையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுவிட்ச் இன்னும் வரல சார். ஸ்டார்ட் பண்ணும்போது நீங்க கிளட்சைப் பிடிச்சுக்குங்க, அவ்வளவுதான்" என்றார். எதிர்வீட்டுக்காரரின் உத்தியோகம் எனக்கும் கிடைத்திருக்கிறது. பத்து நாளாக அந்தப் பதவியில் நான் இருந்துவந்திருக்கிறேன் என்பதே இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது.

வாசலுக்கு வந்தேன். என் மனைவி துளசியை வேரோடு எடுத்துக் காலியான பெயின்ட் வாளியொன்றில் நட்டு, மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "இப்போதைக்கு இதுல இருக்கட்டும்" என்றாள்.