சீசாவில் ஒரு சேற்று வாடை

மனிதனுடைய நாசிக்கு வாசனையைப் பற்றிச் சுயமான அபிப்பிராயம் ஏதும் கிடையாது. ஒரு வஸ்து எந்தப் பாத்திரத்தில், என்ன விலையில் வந்து நிற்கிறது என்பதைக் கண்ணும் காதும் விசாரித்துச் சொன்ன பிறகே, அது சுகந்தமென்றோ துர்க்கந்தமென்றோ தீர்ப்பளிக்கத் துணிகிறது. மல்லிகையும் ரோஜாவும் சந்தனமும் கோலோச்சிய பரிமள உலகில் முள்ளங்கி, பீட்ரூட், தக்காளி இலை முதலிய கொல்லைப்புறத்துப் பிரஜைகள் இன்று பட்டம் சூடி உலவுவதற்கு வேறென்ன காரணம் சொல்வது?

ழான்-கிளோத் எலெனா என்ற பிரெஞ்சுப் பரிமள நிபுணர் 1970களில் சிஸ்லி கம்பெனிக்குத் தயாரித்த திரவியத்தில் தக்காளி இலையின் நெடியே பிரதானம். செடிக்குக் கொம்பு நட்டுவிட்டு, நாம் சோப்புப் போட்டுக் கழுவித் தொலைக்கிறோமே, அதே நெடிதான். 2019இல் காம் தே கார்சோன் என்ற ஜப்பானியக் கம்பெனி முள்ளங்கிக்கும் வெட்டிவேருக்கும் விவாகம் செய்து சீசாவில் குடிவைத்தது. பானைத் தண்ணீரில் ஊறும் வெட்டிவேரின் குலப்பெருமையை நாம் அறிவோம். முள்ளங்கிக்கு அப்படியொரு சம்பந்தம் வாய்க்குமென்று எந்தச் சமையற்காரரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

கிழங்குகளின் மண்வாசனைக்கு ஒரு ரசாயன மூலமும் உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற, 1965இல் விஞ்ஞானிகள் இனங்கண்டு ஜியோஸ்மின் என்று பெயரிட்ட அந்தப் பொருள்தான், கோடை மழையின் முதல் தூறலில் கமழ்ந்து கவிகளை மயக்குகிறது. பீட்ரூட்டில் இருந்துகொண்டு குழந்தைகளைச் சாப்பாட்டிலிருந்து விரட்டுகிறது. குளத்து மீனில் ஏறிச் சேற்று வாடையாகிறது. லட்சம் கோடி பங்கு தண்ணீரில் பத்துப் பங்குக்கும் குறைவாக இருந்தாலும் நம் நாசி அதைக் கண்டுபிடித்துவிடும். வடக்கே கன்னோசியில், சுட்ட களிமண்ணைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, மிட்டி அத்தர் என்று விற்கிறார்கள். எங்கள் காரைக்கால் பிரதேசத்துப் பூவத்திலோ, விராலையும் கெளுத்தியையும் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, அதே வாசனையை வாய்க்காலுக்கு வழியனுப்புகிறார்கள். புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் வாசனையற்ற வேறொரு பொருளாக உருமாறிவிடும் என்பது ரசாயன சாஸ்திரம்.

1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால் பிரதேசமாகையால், பாரிஸில் உறவினர் இருப்பது இங்கே பெரிய விசேஷமல்ல. அப்படியோர் உறவினர் அன்போடு கொடுத்த, பீட்ரூட்டின் மண்வாசனையைப் பிரதானமாகக் கொண்ட திரவியத்தைத் தாராளமாகப் பூசிக்கொண்டு, தரங்கம்பாடியில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, இலையிலிருந்த சாம்பாரை ஒருமுறையும் என்னை இருமுறையும் முகர்ந்து பார்த்தாள்.

"ஏன் தம்பி, குளத்துல எறங்கி மீன் புடிச்சுட்டா வர்றே? உப்பும் புளியும் போட்டு நல்லாத் தேச்சுக் குளி, போயிடும்."

ரசாயனம் படிக்காத அத்தை சொன்ன வைத்தியத்தில் எந்த விஞ்ஞானியும் குறை காண முடியாது. ஆயினும் பாரிஸின் கௌரவத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டபடியால், அந்தச் சீசாவின் விலை 150 யூரோ என்பதையும், அது எத்தனை ஆயிரம் ரூபாய் என்பதையும் அவள் காதில் மெல்லப் போட்டுவைத்தேன். விலையைக் கேட்ட நாசி இனித் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் என்பது என் சித்தாந்தம். அத்தை மறுபடியும் குனிந்து, முன்னிலும் சிரத்தையாக முகர்ந்தாள்.

"அவ்வளவு விலையா! அப்போ பெரிய விராலாத்தான் இருக்கும்."