அழுத்துப் பொத்தானின் அளவு நிர்ணயம்: கடலூர், தில்லை வட்டாரங்களை முன்வைத்து

அழுத்துப் பொத்தான் என்பது, குமிழ் உடைய ஒரு பாதியும் அக்குமிழை ஏற்கும் குழி உடைய மறு பாதியும் துணியின் இரு விளிம்புகளில் எதிரெதிராகத் தைக்கப்பட்டு, விரல் பட்டதும் 'டிக்' என்னும் ஒலியோடு கூடும் சாதனமாகும். தையற்கடை வழக்கில் இதன் பெயர் 'பிரஸ் பட்டன்'. ஜெர்மானியரான ஹெரிபர்ட் பாவர் 1885இல் ஆண்களின் கால்சட்டையை உத்தேசித்தே இதற்குக் காப்புரிமை பெற்றார் எனினும், கால்சட்டைக்குப் பிறந்த அப்பொருள் தமிழகத்தில் ரவிக்கைக்கு வாழ்க்கைப்பட்டது.

இதன் அளவைக் குறிக்கும் முறை ஆய்வாளரின் பொறுமையைச் சோதிக்க வல்லது. எண் ஏறினால் பொத்தான் பெரிதாகும் என்பது பொது விதி. ஆனால் ஒன்றுக்குக் கீழே இறங்கியதும் சுழியங்களின் எண்ணிக்கையே அளவாகி, நான்கு சுழியப் பொத்தான் கால் அங்குல அகலத்தோடு எல்லாவற்றினும் சிறியதாய் நிற்கிறது. சுழியம் கூடக் கூடச் சொத்து பெருகும் உலகில், சுழியம் கூடக் கூடச் சிறுத்துப்போகும் அரிய பொருள்களுள் இதுவும் ஒன்று எனலாம். கடைக்காரர் இக்குழப்பத்துக்கு இடம் தராமல் 'சின்னதா, பெரிசா' என்று மட்டும் கேட்பது அறிவுடைமையே. கடலூருக்கு இத்தகைய கரடுமுரடான அளவைகள் புதியனவும் அல்ல: 1690இல் அங்குள்ள தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தொலைவுவரை உள்ள ஊர்களைத் தனதாக்கிக் கொண்டதால், அவ்வூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்னும் பெயரே ஏற்பட்டது.

அளவைத் தீர்மானிப்பது துணியின் பருமன் மட்டுமன்று, இழுவையின் திசையும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. துணியின் தளத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் வரும் இழுவையைச் சிறு பொத்தானும் தாங்கும். விளிம்பைத் தூக்கி உரிக்கும் இழுவைக்குப் பெரிய பொத்தானும் வாய் திறந்துவிடும். இதற்குச் சிறந்த சோதனைக்களம் தில்லை எனப்படும் சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழாவாகும். அரைமண்டியில் முழங்கால்கள் விரிய, விசிறி மடிப்பு திறக்க, இடுப்புப் பட்டையில் இழுவை பக்கவாட்டிலேயே செல்வதால் அங்கே நடுத்தரப் பொத்தான் போதும். கை உயரும்தோறும் தோளில் மேலாக்கு தூக்கப்படுவதால் அங்கே ஒரு பெரிய பொத்தானை நம்புவதைவிட நெருக்கமாக மூன்று சிறியவற்றைத் தைப்பதே மேல். பெரிதே வலிது எனக் கருதி மெல்லிய பட்டில் பருத்த பொத்தானைத் தைப்போர், பொத்தான் பிடிவாதமாக மூடியிருக்க, துணி கிழிந்து வழிவிடும் காட்சியைக் காண நேரிடும். துணிக்கு முன் பொத்தான் தோற்க வேண்டும். அவ்வாறு தோற்கத் தெரிந்த பொத்தானே சரியான அளவுடையது.

கடலூரில் வேறொரு சிக்கலும் சேர்கிறது. உப்புக் காற்று இரும்புப் பொத்தானைத் துருவேற்றி, வெள்ளை ரவிக்கையில் வட்ட வட்டமாகக் கறை பதிப்பதால், அப்பகுதியில் அளவுக்கு முன் உலோகம் ஆராயப்பட வேண்டும். பித்தளையில் களிம்பு ஏறுமேயன்றித் துருப் பிடிக்காது.

தைக்காத ஆடையாகிய வேட்டியையே உடுத்தி நடராசர் சன்னிதியில் பணிபுரியும் தில்லை தீட்சிதர்கள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்பவர்கள். அவர்களது நிம்மதி தனியே ஆராயத்தக்கது. எஞ்சியோரில், மேற்கண்ட கோட்பாட்டுக்கு அடங்காத ஒரு பிரிவினர் உளர். மிருதங்க ஒலியில் பொத்தான் திறக்கும் 'டிக்' ஓசை யாருக்கும் கேட்காது என்பதை அனுபவத்தால் உணர்ந்த நடனமணிகளின் தாய்மார், அளவு, திசை, உலோகம் எதையும் பொருட்படுத்தாது, மகள் மேடையேறும் முன், தைத்த ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் வாயில் கவ்வியிருந்த ஊக்குகளில் ஒன்றை எடுத்துக் குத்திவிடுகின்றனர்.