அறுபதுக்குத்தானே சார்?

மயிலாடுதுறை ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கணவனும் மனைவியும் பெட்டியோடு நின்றால், எங்கே போகணும் என்று யாரும் கேட்பதில்லை. "திருக்கடையூர்தானே?" என்பார்கள். கணவனுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தால் அந்தக் கேள்வியும் கிடையாது. பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்துவிடுவார்கள்.

என் மனைவிக்கு மறுநாள் 50 முடிகிறது. எனக்கு வயது 54. தலைக்கு மட்டும் எழுபதைத் தாண்டிவிட்டது. பிறந்த நாளுக்கு அவள் போட்ட நிபந்தனைகள் கடுமையானவை. கேக் கூடாது, சொந்தபந்தம் கூடாது, வாட்ஸப்பில் கைகூப்பும் பொம்மைகள் கூடாது. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். தரங்கம்பாடியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

"தரங்கம்பாடி போகணும் தம்பி" என்றேன் டிரைவரிடம்.

"அங்கதான் ரூமா? நல்லதா போச்சு சார். திருக்கடையூர்ல முகூர்த்த நாள்னா ரூமே கிடைக்காது. காலைல நாலரைக்கு வண்டிய கொண்டாந்துடவா?"

"எதுக்கு?"

"அறுபதுக்குத்தானே சார்?"

சிரிக்க ஆரம்பித்த என் மனைவி செம்பனார்கோயில் வரைக்கும் நிறுத்தவில்லை. அப்புறம் சட்டென்று நிறுத்தினாள். எனக்கு அறுபது என்றால் தனக்கு எத்தனை போட்டிருப்பான் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது.

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனையே எட்டி உதைத்த தலம் திருக்கடையூர். அதனால் அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று ஆயுளை நீட்டிக் கேட்பவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தச் சாலையில் ஜோடியாகப் போகிறவர்கள் சும்மா போகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

தரங்கம்பாடியில் 1792இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டியதும் சத்தமெல்லாம் பின்தங்கிவிட்டது. ராஜா வீதியில் ஓர் ஆடு, ஒரு சைக்கிள், கோடியில் கடல். ஆனால் சாப்பிட உட்கார்ந்து நண்டு வறுவல் கேட்டபோது, பரிமாறுகிற அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "விசேஷத்த வச்சுக்கிட்டு கவிச்சியாம்மா? முடிச்சுட்டு வந்து சாப்பிடுங்களேன்." விசேஷம் ஒன்றுமில்லை என்று நாங்கள் சத்தியம் பண்ணாத குறை. நண்டு வந்தது, நம்பிக்கை வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டை உடைத்துத் தின்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அது என் மனைவியிடம் நிறையவே இருந்தது.

சாயங்காலம் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620இல் ஓவ கெத்த என்ற டென்மார்க் கப்பல் தளபதி, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டியது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் காசுக்குச் சென்னையில் கார் நிறுத்த இடம் கிடைத்தாலே பெரிசு.

ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கின் கதையைத்தான் அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அவர் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு 24ஆவது பிறந்த நாள். "பாத்தீங்களா? பொறந்த நாளுக்கு இங்க வர்றது அப்பவே இருந்திருக்கு" என்றாள். அந்த மனிதருக்கு ஊர் செய்த சீரைச் சொன்னேன்: 1708இல் டேனிஷ் ஆளுநர் அவரை இதே கோட்டையில் நாலு மாதம் சிறை வைத்தார். வெளியே வந்தவர் அச்சு இயந்திரம் வரவழைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டையே அச்சடித்தார்.

"அப்புறம்?"

"முப்பத்தாறு வயசுல போயிட்டார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பாவம்ங்க. ஏழெட்டு கிலோமீட்டர்லதான் எமன உதைச்ச ஊரு இருந்திருக்கு." பிறகு யாருக்கோ சொல்வதுபோல், "வந்தது வந்தோம், நாளைக்கு ஒரு எட்டு போய்ச் சாமி கும்பிட்டுட்டு வந்துடலாமா?" என்றாள்.

அந்த டிரைவர் தம்பியைத்தான் கூப்பிட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் சிரித்ததோடு சரி.

திருக்கடையூர் பிராகாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மாலையும் கழுத்துமாக ஜோடிகள். ஓர் எண்பது வயதுத் தாத்தாவும் பாட்டியும் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் வரிசையாகக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். தாத்தா வெடவெடவென்று நடுங்கியபடி "போதும்டா, போதும்டா" என்றார். ஆயுளைக் கூட்டுகிற உற்சாகத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை. வீடியோக்காரர் மட்டும், "தாத்தா, கொஞ்சம் சிரிச்ச முகமா நடுங்குங்க" என்றார்.

இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஓர் இளம் ஜோடி பொத்தென்று எங்கள் காலில் விழுந்தது. நான் பதறிப் பின்வாங்கினேன். என் மனைவியோ காலங்காலமாக இதே வேலையாக இருந்தவள் மாதிரி "தீர்க்காயுசா, புள்ளகுட்டியோட நல்லா இருங்க" என்று ஆசீர்வதித்து, என் சட்டைப் பையிலிருந்தே நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தாள்.

அதைப் பார்த்துவிட்டு ஒரு குருக்கள் பக்கத்தில் வந்தார். "சாருக்கு அறுபதா, எழுபதா?"

"ரெண்டும் இல்லைங்க. எனக்குத்தான் பொறந்த நாள். ஐம்பது" என்றாள், இத்தோடு பேச்சு முடிந்தது என்கிற தோரணையில்.

அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஐம்பதுக்கு வைஷ்ணவி சாந்தி இருக்கேம்மா. சாருக்கு என்ன வயசு? ஐம்பத்து நாலா? ஐம்பத்தஞ்சுக்கு வருண சாந்தி. ரெண்டையும் ஒண்ணாவே பண்ணிடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓரடி முன்னால் போனாள்.

"ஒண்ணா பண்ணா எவ்வளவு குறைப்பீங்க?"