முத்து உண்டு, குடிநீர் இல்லை!

கேள்வி: நகராட்சி என்றாலே வீட்டு வரி ரசீதுதான் ஞாபகம் வருகிறது. ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்த நகராட்சி உண்டா?

பதில்: தூத்துக்குடியில் கேட்டுப் பாருங்கள், ‘குரூஸ் பர்னாந்து’ என்பார்கள்.

கடலுக்கடியில் முத்தெடுத்த ஊர் அது. கரையில் கிணறு தோண்டினால் உவர்நீர். 1866-லேயே நகராட்சி வந்துவிட்டது, நல்ல தண்ணீர்தான் வரவில்லை. ரயிலில்கூடத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் எல்லாச் சரக்கும் இறங்கும், குடிநீரைத் தவிர!

1909-இல் முதல் முறையாக நகராட்சித் தலைவரான குரூஸ் பர்னாந்து, ஐந்து முறை அந்தப் பதவியில் இருந்தவர். விடாப்பிடிக்காரர். பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கையில் எடுத்தார். 1927-இல் தண்ணீர் வந்தது.

காலராவும் வயிற்றுப்போக்கும் அசுத்தத் தண்ணீரில்தான் சவாரி செய்கின்றன. ஆகவே நல்ல குழாயடி பாதி ஆஸ்பத்திரி, மருந்துச்சீட்டுதான் தராது.

1930-இல் மறைந்த அவருக்கு ஊரில் சிலை உண்டு. அரசு மணிமண்டபமும் கட்டியிருக்கிறது. வழக்கமாக நகராட்சித் தலைவர்களின் பெயர் திறப்புவிழாக் கல்வெட்டைத் தாண்டாது.