சேனைக்குப் பதில் பாயா

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்க எங்கள் பக்கம் ஆள் தேடுவார்கள். ஒரு சொட்டுச் சீனித் தண்ணீர்தான். ஆனால் வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. அதனால் முன்கோபி, கடன்காரர், கச்சேரி நடுவில் எழுந்து போகிறவர் எல்லோரையும் கழித்துவிட்டு ஒருவரைக் கூப்பிடுவார்கள். புத்தகம் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்குச் சேனை வைக்கும் வேலையை எங்கள் தெருவில் ஒருவர் யாரும் கூப்பிடாமலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார். சீனித் தண்ணீரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. எடுத்த எடுப்பில் ஆட்டுக்கால் பாயாதான்.

அண்ணன் என்று கூப்பிடுவோம். ஜோல்னாப் பை, தாடி எல்லாம் கிடையாது. கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கணக்குப் பிரிவில் வேலை. பார்த்தால் வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறவர் என்றே நினைப்பீர்கள். "எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்ணே?" என்று யாராவது கேட்டால்தான் ஆள் யார் என்று தெரியும். கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியில் துடைப்பார். எதிர்ச் சுவரைப் பார்ப்பார். டீக்கடையாக இருந்தால் அதற்குள் இரண்டு டீ ஆறிவிடும். பிறகு ஒரு பெயர் வரும். அந்தப் புத்தகம் பெரும்பாலும் செங்கல் கனத்தில் இருக்கும்.

கல்லூரிப் பையனா, கரமாசவ் சகோதரர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரா, டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த போரும் வாழ்வும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணா, விஷ்ணுபுரம். பெண்ணின் அம்மா, "மாசமா இருக்கிற பிள்ளை, வெயிட்டு தூக்கக் கூடாது தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒருதடவை மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வாய் தவறி, "இவ்வளவு புக்கா? நமக்கும் ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று கேட்டுவிட்டார். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் ஜே.ஜே: சில குறிப்புகள் கைக்கு வந்துவிட்டது. பத்து நாள் கழித்துத் தெருமுனையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஜே.ஜே. யாரு சார்? போன்ல தேடினா அம்மா படமா வருது."

அப்படி ஒரு மலையாள எழுத்தாளர் கிடையாது, கற்பனை ஆள் என்று சொன்னேன். அவர் முகம் மீட்டர் ஓடாத வீட்டைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. 1981இல் வந்த அந்த நாவல், நிஜமான ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு என்று நம்பும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் ஏமாந்ததில் சுந்தர ராமசாமிக்குப் பெருமைதான். ஆனால் இரண்டாவது புத்தகம் என்று எதையும் அந்த மனிதர் கேட்கவில்லை. ஒரு புளியமரத்தின் கதையும் அதே சுந்தர ராமசாமி எழுதியதுதான். தெருமுனை மரம் ஒன்றைப் பற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி போகும். அதைக் கொடுத்திருந்தால் அவரே ஊரில் ஒரு மரத்தைக் காட்டிக் கதை சொல்லியிருப்பார்.

சிறியதாக எதையாவது சொன்னால் அண்ணனுக்கு ஆகாது. அசோகமித்திரனின் தண்ணீர் என்று நான் ஆரம்பித்தேன். சென்னைத் தெரு ஒன்றில் குழாய் வறண்டுபோய்க் குடத்தோடு அலைகிறவர்களின் கதை. ஜமுனா, சாயா, டீச்சரம்மா மூவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே படித்து முடித்துவிடலாம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற யாருக்கும் முன்னுரை தேவைப்படாது. "நல்ல நாவல்தான். ஆனா ஆரம்பத்துக்கு லேசா இருக்கு" என்றார். ஆரம்பத்துக்கு லேசாக இல்லாமல்? புதுமைப்பித்தனின் பொன்னகரம் நாலு பக்கத்தைத் தாண்டாது என்றேன். "அதை நாப்பது வருஷம் வாழ்ந்த பிறகு படிக்கணும்." கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்? சென்னைக்கு வந்த கடவுளைக் காப்பி ஓட்டலுக்குக் கூட்டிப் போய், கடைசியில் அவரிடமே பத்திரிகைக்குச் சந்தா வாங்கிவிடுகிற கதை அது. அதற்குச் சிரிக்காதவன் வேறு எதற்குச் சிரிக்கப் போகிறான்? "சிரிச்சுட்டு விட்டுடுவாங்க" என்றார் அண்ணன், சிரித்தால் வாசிப்பு தீட்டாகிவிடும் என்பது போல.

பழந்தமிழ் பக்கம் போனால் இன்னும் கஷ்டம். சிலப்பதிகாரம் படிக்க ஆசைப்பட்ட பையனிடம், பதிகத்திலிருந்து அடியார்க்கு நல்லார் உரையோடு வரி விடாமல் படிக்கச் சொல்லியிருக்கிறார். முப்பது காதைக்கும் அந்த உரை முழுதாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். நானாக இருந்தால் வழக்குரை காதையைத் திறந்து கொடுத்திருப்பேன். கையில் ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி அரண்மனை வாசலில் நிற்கிறாள். அங்கே உள்ளே போய்விட்டால் புகாருக்குத் திரும்பி நடக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு புத்தகத்தை நாலு பேர் படித்துவிட்டால் அண்ணனுக்கு அது இறங்கிப்போய்விடும். 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தது. எங்கள் தெருவில் மளிகைக் கடைக்காரர்கூட ஐந்து பாகமும் வாங்கினார். அண்ணன் அந்த வருஷம் முழுக்க, "அது இலக்கியமே இல்லை, தெரியுமில்ல?" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணனின் வாதம் கிணற்று வாதம். "நாங்கெல்லாம் நீச்சல் எப்படிக் கத்தோம்? கிணத்துல தூக்கிப் போட்டாங்க, கத்தோம்." முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் போட்டார்கள் என்பதை விட்டுவிடுவார். அவருடைய சுரைக்குடுக்கை எது என்று எனக்குத் தெரியும். ஒரு மழைநாளில் பஸ் நிழற்குடையில் மாட்டிக்கொண்டபோது அவரே உளறியது. கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் மறுபடி தொடராக வந்தபோது அவர் அம்மா வாரா வாரம் கிழித்துவைத்து பைண்டு பண்ணியிருக்கிறார். பச்சைத் துணி முதுகு, முறுக்கு எண்ணெய்க் கறை. ஐந்தாம் பாகத்தை மட்டும் பெரியம்மா வீட்டுக்கு இரவல் கொடுத்தார்கள். அது திரும்பி வரவில்லை. "நந்தினி என்ன ஆனான்னு தெரியாமலே ரெண்டு வருஷம் இருந்தேன்டா" என்றார். அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை. மழை விட்டதும் பேச்சை தாமஸ் மன்னுக்கு மாற்றிவிட்டார்.

போன ஜனவரி, நந்தனம் புத்தகக் காட்சி. என் அக்கா மகளையும் கூட்டிப் போனேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அதுவரை படித்தது அவள் அம்மா சேர்த்துவைத்த ரமணிசந்திரன் மட்டும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கதாநாயகன் எப்போது கோபம் தணிவான் என்று இருநூறு பக்கம் காத்திருக்கத் தெரிந்தவளுக்கு ருஷ்ய நாவல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் வாசலிலேயே அண்ணன் நின்றார். அவள் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"மாமா, நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க."

கண்ணாடி கழன்றது. பின்னால் வந்த கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. மிதித்த பலகை தடதடத்தது. டெல்லி அப்பளத்தோடு ஒரு குடும்பமே எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. தீர்ப்பு வந்தது: கரமாசவ் சகோதரர்கள். பத்து சதவீதக் கழிவு போகவும் அவளுடைய அரை வாரச் சம்பளம் போயிற்று.

தஸ்தயேவ்ஸ்கி அந்த நாவலை முடித்தது 1880இல். அடுத்த வருஷம் இறந்துவிட்டார். ஆசிரியன் வாழ்க்கை முழுக்க எழுதி எழுதி வந்து நின்ற இடத்தில், வாசகியை முதல் நாளே கொண்டுபோய் நிறுத்துகிறார் அண்ணன். நான் வாயைத் திறக்கவில்லை. வேறொரு கடைக்குப் போய், அதே தஸ்தயேவ்ஸ்கி 1848இல் எழுதிய வெண்ணிற இரவுகளை வாங்கி அவள் பையில் போட்டேன். ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பு, விரல் கனம். பீட்டர்ஸ்பர்க்கில் தனியாகத் திரிகிற ஒருவன், காதலனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண், நான்கு இரவுகள், ஒரு காலை. ஜனநாதன் எடுத்த இயற்கை படத்துக்கு இந்தக் கதைதான் மூலம் என்று சொன்னதும், "அந்தப் பாட்டெல்லாம் நல்லா இருக்குமே" என்றாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டாளாம். அதே வாரம் அண்ணன் அவள் கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருக்கிறார்.

"எவ்வளவு ஆச்சு, கரமாசவ்?"

"இல்ல மாமா, அவர் சின்னதா ஒண்ணு எழுதியிருக்காரே, அதை முடிச்சேன்."

"அதெல்லாம் சின்ன வயசுல எழுதினது."

"நானும் சின்ன வயசுதானே மாமா."

அண்ணன் மீதிச் சில்லறை வாங்காமலே வந்துவிட்டார்.

அவள் இப்போது பஷீரின் மதில்களை முடித்துவிட்டு, கரமாசவில் தொண்ணூறாவது பக்கம் தாண்டியிருக்கிறாள். அல்யோஷா, அலெக்ஸேய் இரண்டும் ஒரே ஆள், மீத்யாவும் திமித்ரியும் ஒரே ஆள் என்று ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதி நடுவில் செருகிவைத்திருக்கிறாள். மருந்துக்கு ஒரு பெயர், கம்பெனி வைத்தது இன்னொரு பெயர் என்று தினம் பார்க்கிறவளுக்கு இது பழகிய வேலை.

போன வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அண்ணன் வந்தாராம். மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, குரலை இறக்கிக் கேட்டிருக்கிறார்.

"அந்தச் சின்னது உன்கிட்ட இருக்காம்மா? என்கிட்டயும் இருக்கு. எங்க வெச்சேன்னு தெரியல."

மாத்திரை போடுகிற காகித உறையிலேயே பெரிய சைஸ் ஒன்றை எடுத்து, வெண்ணிற இரவுகளை உள்ளே போட்டு, மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்திருக்கிறாள். பழக்க தோஷம், மேலே எழுதியும் விட்டாள்: இரவு மட்டும். நாலு நாள்.