கழுத்தில் தொங்கும் சக்கரவர்த்திகள்

ரோமானியச் சக்கரவர்த்திகள் தமிழகத்தின் மீது படையெடுக்கவில்லை. காசாக வந்தார்கள், மிளகு வாங்க. வந்தவர்களில் சிலரை நம்மவர்கள் ஓட்டை போட்டு, வளையம் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அகஸ்டஸுக்கு ரோமில் கோயில்; இங்கே பதக்கம்.

ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். போன காசு கல்யாண வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று யாரும் அவருக்குத் தபால் போடவில்லை.

1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தில் உளிவெட்டு. அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். என் ஊகம், பக்கத்தில் சம்பந்தி வீட்டார் யாரோ நின்றிருக்க வேண்டும்.

பிறகு விக்டோரியா மகாராணி வந்தார். நாட்டை ஆண்டவரும் கடைசியில் காசுமாலையில்தான் வந்து சேர்ந்தார். அவருடைய 'சாவரின்' 7.98 கிராம், நாம் அதைச் 'சவரன்' ஆக்கி, எட்டு கிராமாகத் திருத்திக்கொண்டோம். வெள்ளைக்காரன் போய்விட்டான். பெண் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் அவன் காசில்தான் எண்ணுகிறார்கள்.

பாட்டியின் பெட்டியில் பழங்காசு இருந்தால் துளை போட அவசரப்படாதீர்கள். நூறு வயது தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். கொல்லையில் தோண்டும்போது கிடைத்ததா? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் முதலில் சொல்ல வேண்டியது கலெக்டரிடம், ஆசாரியிடம் அல்ல.